மிருகத்தின் மேல் ஒரு பேய்க் கதை!

சினிமாவாகிற கதை உண்டு, நாடகமாகிற கதை உண்டு. ஒரு ராட்டின வண்டி கதையாகிற அதிசயத்தைக் கேட்டிருக்கிறீர்களா? அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், சின்சினாட்டி நகருக்குப் பக்கத்தில், 'கிங்ஸ் ஐலண்ட்' என்று ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. 1972-ல் திறந்தது. அங்கே 1979 ஏப்ரலில் ஓட ஆரம்பித்த ரோலர் கோஸ்டருக்கு 'தி பீஸ்ட்' என்று பெயர். மிருகம்! முழுக்க மரச் சட்டங்களால் கட்டினது. நீளம் ஏறக்குறைய 7,360 அடி, அதாவது இரண்டேகால் கிலோமீட்டர். மரத்தால் ஆன ரோலர் கோஸ்டர்களில் உலகத்திலேயே நீளமானது இன்றைக்கும் இதுதான். ஒரு தடவை சுற்றி வர நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது.

இந்த மிருகத்தை வைத்துக் குழந்தைகளுக்கு ஒரு பேய் நாவல் எழுதிவிட்டார் ஆர்.எல். ஸ்டைன். 1994-ல் அதே பெயரில் வந்தது. 'கூஸ்பம்ப்ஸ்' வரிசை எழுதினாரே, அவர்தான். 1943-ல் இதே ஒஹையோவில், கொலம்பஸ் நகரத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் வீட்டுப் பரணில் ஒரு டைப்ரைட்டர் கிடைக்க, அன்றைக்கு எழுத உட்கார்ந்தவர்தானாம். வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் அவர் எழுதினதெல்லாம் சிரிப்புத்தான்! பிள்ளைகளுக்கான ஒரு நகைச்சுவைப் பத்திரிகைக்கு ஆசிரியராகக்கூட இருந்திருக்கிறார். சிரிக்க வைப்பதற்கும் பயமுறுத்துவதற்கும் ஒரே சாமர்த்தியம்தான் வேண்டும் போலிருக்கிறது.

இதில் கொஞ்சம் வியாபாரமும் இல்லாமல் இல்லை. 1992-ல் அந்தப் பூங்காவை வாங்கிய பாரமவுண்ட் கம்பெனியின் கையில்தான் புத்தகம் போட்ட பதிப்பகமும் அப்போது இருந்தது. (பூங்கா 2006-ல் கை மாறிவிட்டது.) ஆனால் விளம்பரத்தை மறந்துவிட்டுப் படிக்க முடிகிறது. அதுதான் எழுத்தாளரின் கெட்டிக்காரத்தனம்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒஹையோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பத்து வயதுப் பேத்தி லைப்ரரியிலிருந்து இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். வந்தது வினை! "இதெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே ராத்திரி விளக்கை அணைக்க விடறதில்லை" என்றார் மாப்பிள்ளை. குழந்தைக்குக் கண்ணில் ஜலம் தளும்பிவிட்டது. "முதல்ல நான் படிக்கிறேன். அப்புறம் பேசலாம்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டு மத்தியானத்தில் முடித்துவிட்டேன். ஜேம்ஸ், ஆஷ்லி என்று உறவுக் குழந்தைகள் இரண்டு பேர். பூங்காவைப் பூட்டின பிறகும் ஒளிந்திருந்து, இருட்டில் மிருகத்தின் மேல் ஏறிவிடுகிறார்கள். இறங்கிப் பார்த்தால் அது அவர்கள் ஏறின இடமே இல்லை! எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய பழைய பூங்கா. அப்புறம் என்ன ஆச்சு என்று நான் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ரத்தத்தையும் கோரத்தையும் காட்டி இது பயமுறுத்தவில்லை. 'வீட்டுக்குத் திரும்ப வழி தெரியவில்லையே' என்கிற தவிப்பில்தான் பயமே. அது எந்தக் குழந்தைக்கும் புரிகிற பயம். 'படிக்கட்டும், ஆனால் பகலில், கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும்' என்று தீர்ப்புச் சொன்னேன். மாப்பிள்ளை அரை மனதாகத்தான் தலையாட்டினார்.

இதில் அவர் மட்டும் தனி இல்லை. 1990-களில் அமெரிக்க லைப்ரரிகளிலிருந்து எடுக்கச் சொல்லி அதிகம் ஆட்சேபம் வந்த புத்தகங்களின் பட்டியலில் 'கூஸ்பம்ப்ஸ்' வரிசையும் இடம் பிடித்திருக்கிறது.

படித்து முடித்ததும் பூங்காவுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம். போனோம். முப்பத்தைந்து ஏக்கர் காட்டுக்குள் தண்டவாளம் மறைந்து மறைந்து ஓடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியவே தெரியாது. வண்டிக்கு எஞ்சின் கிடையாது. சங்கிலி மேலே இழுத்துவிடும், அப்புறம் இறக்கத்தின் வேகம்தான். வழியில் இன்னொரு இடத்திலும் சங்கிலி இழுக்கிறது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறதாம்! முதல் இறக்கமே நேராக ஒரு சுரங்கத்துக்குள் பாய்கிறது. கடைசியில் மரக் கூடாரத்துக்குள் ஒரு பெரிய சுழற்சி.

வண்டி மேலே ஏறும்போது 'டக்... டக்... டக்...' என்று ஒரு சத்தம். பேத்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பாட்டி, உடையப் போறதா?" மாப்பிள்ளைதான் குனிந்து விளக்கினார். பெட்டிக்கு அடியில் தொங்கும் ஒரு இரும்பு நாக்கு, பாதையில் இருக்கிற பல் ஒவ்வொன்றிலும் விழுந்து விழுந்து போகிற சத்தமாம். சங்கிலியே அறுந்தாலும் வண்டி பின்னால் சறுக்காமல் அது பிடித்துக்கொள்ளும். "அப்போ அந்தச் சத்தம் நல்ல சத்தமாப்பா?" என்று கேட்டாள். அப்பாவும் பெண்ணும் கை கோத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் பெஞ்சில்தான். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற எனக்கு எதற்கு இந்த வீரம்?

அங்கே வருகிறவர்கள் இரவுச் சவாரியைத்தான் விசேஷமாகச் சொல்கிறார்கள். மரங்களுக்கு நடுவே விளக்கு இல்லாததால் அடுத்த வளைவு எங்கே என்றே தெரியாதாம். ஸ்டைனுக்குக் கதை அங்கேதான் கிடைத்திருக்க வேண்டும் என்று எனக்கொரு சந்தேகம்! பேத்தி பகலில் ஒரே தடவை. "ராத்திரி அடுத்த வருஷம்" என்று சொல்லிவிட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை.

பயப்படும்போது நெஞ்சு படபடக்கிறதே, அது அட்ரினலின் செய்கிற வேலை. அம்மா பக்கத்தில் இருக்கிறாள், புத்தகத்தை எப்போது வேண்டுமானாலும் மூடலாம் என்று தெரிந்தால் குழந்தைக்கு அதுவே விளையாட்டு. படுக்கப்போகிற நேரத்தில் மட்டும் இந்த மாதிரிக் கதைகள் வேண்டாம். தொடர்ந்து பல ராத்திரி கெட்ட கனவு கண்டு அலறினாலோ, தனியாக இருக்கவே மறுத்தாலோ, புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு என்ன பயம் என்று மெதுவாக விசாரியுங்கள். அப்படியும் தீராவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நிஜ மிருகத்தின் மேல் ஏறுவதற்குச் சட்டம் இன்னும் கடுமை. 48 அங்குல உயரம் இல்லாத குழந்தைக்கு அனுமதி இல்லை. கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கழுத்து, முதுகு வலிக்காரர்கள் ஏறவே கூடாது. மர வண்டி உலுக்குகிற உலுக்கலில் மாப்பிள்ளைக்கே அன்றைக்கு ராத்திரி இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டியிருந்தது!