செல்லுக்கு மேல் எது, கீழ் எது?

சிறுகுடலின் உட்சுவரில் ஒற்றை வரிசையாக நெருக்கியடித்து நிற்கும் எபிதீலியச் செல்களுக்கு மேல்முகம் வேறு, அடிமுகம் வேறு. மேலே உணவு, கீழே இரத்தக் குழாய்கள். மேல்முகம் உறிஞ்சும் குளுக்கோஸை அடிமுகம் வெளியே விட்டால்தான் அது உடலில் சேரும். செல்லின் இந்தத் திசை வேறுபாட்டைத் துருவத்தன்மை என்கிறார்கள்.

தொடக்கத்தில் இது பார்த்து வரைந்துவைக்கும் விஷயமாகவே இருந்தது. 1963-இல் மேரிலின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும், அடுத்தடுத்த செல்களை மேல்முனைக்கு அருகே இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வகைபிரித்துக் காட்டினார்கள். 1978-இல் என்ரிக்கே ரோட்ரிகஸ்-பூலானும் டேவிட் சபாட்டினியும் ஆய்வகத்தில் வளர்த்த நாயின் சிறுநீரகச் செல்களில் வைரஸைத் தொற்றவிட்டார்கள். இன்ஃப்ளூயன்சா வைரஸ் மேல்முகம் வழியாக வெளியேறியது. கால்நடைகளுக்கு வாய்ப்புண் உண்டாக்கும் இன்னொரு வைரஸோ அடியிலும் பக்கவாட்டிலும் வெளியேறியது. எந்தச் சரக்கை எந்தப் பக்கம் அனுப்புவது என்று செல்லுக்குத் தெரிந்திருக்கிறது! ஆனால், பக்கங்களைத் தீர்மானிப்பது எது என்பது அப்போது விளங்கவில்லை.

விடைக்கான நுனி வேறு இடங்களில் கிடைத்தது. 1988-இல் கென் கெம்ஃபியூஸ் குழுவினர் ஒரு சிறு உருளைப்புழுவில் 'பார்' மரபணுக்களைக் கண்டார்கள். அவை பழுதானால், சமமில்லாமல் பிரிய வேண்டிய கரு முட்டை சமமாகப் பிரிந்துவிடும். 1990-இல் பழ ஈயில் 'கிரம்ப்ஸ்' மரபணு தெரியவந்தது. அது இல்லாத கருவில் மேல்தோல் துண்டு துண்டாகச் சிதைகிறது. அந்தப் புரதம் அளவுக்கு மீறினாலோ மேல்முகம் பக்கச்சுவர்களுக்கும் பரவிவிடுகிறது.

இன்று ஈயின் கருவில் துருவத்தன்மை பிறப்பதைக் கட்டம் கட்டமாகவே பார்க்க முடிகிறது. முதலில் தடுப்புச் சுவரே இல்லாமல் உட்கரு மட்டும் 13 முறை பிரிகிறது. சுமார் 6,000 உட்கருக்கள் கருவின் விளிம்புக்கு அடியில் வரிசைகட்டி நிற்க, அவற்றுக்கு இடையே மேலிருந்து சவ்வு இறங்குகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றும் தனிச் செல். அந்தச் சமயத்தில், ஈயிலும் இருக்கும் பார் வகைப் புரதங்களில் ஒன்றான பார்-3 பக்கச்சுவரின் மேல்பகுதியில் நிலைகொள்கிறது. செல்களைப் பிணைக்கும் கேட்ஹெரின் இணைப்புகள் அங்கேயே திரள்கின்றன.

அதன்பின் நடப்பது வரப்புத் தகராறுதான். மேல்முகத்தில் இருக்கும் ஏபிகேசி என்ற நொதி, பார்-1, எல்ஜிஎல் ஆகிய புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றிக் கீழே தள்ளுகிறது. பார்-1 சும்மா இருப்பதில்லை. பக்கச்சுவருக்கு இறங்கிவரும் பார்-3-இல் அதுவும் பாஸ்பேட்டை ஏற்றி விரட்டுகிறது. இரு தரப்பும் ஓயாமல் தள்ளிக்கொண்டிருப்பதால்தான் எல்லை நிலைக்கிறது. ஈயில் எல்ஜிஎல் செயலிழந்தால் திசு ஒழுங்கு குலைந்து கட்டியாக வளர்கிறது.

1999-இல் பரம்பரைப் பார்வையிழப்பு ஒன்றின் காரணத்தைத் தேடியவர்களுக்கு அகப்பட்டது, கிரம்ப்ஸின் மனித வடிவமான சிஆர்பி1. ஈயில் கண்டறிந்து ஒன்பதே ஆண்டுகள். புழுவையும் ஈயையும் ஆராய்வது வீண்செலவு என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.