மின்சாரக் காரின் இலாப நட்டக் கணக்கு

அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஐந்தாண்டு காலம் காத்திருந்த நடுத்தரக் குடும்பங்களின் முன் அப்போது எழுந்த கேள்வி இன்னும் தீரவில்லை. பெற்றோல் காரை வாங்குவதா, மின்சாரக் காரை வாங்குவதா? 'கிலோமீற்றருக்கு என்ன செலவாகிறது என்று பாருங்கள்' என்பதே விற்பனையாளர்கள் தரும் பதில். அது பொய்யல்ல, ஆனால் பாதிக் கணக்கு மாத்திரமே.

முதலில் அந்தப் பாதியைப் பார்ப்போம். கொழும்பு வீதிகளின் நெரிசலில் ஒரு சிறிய பெற்றோல் கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடுகிறது எனவும், அதே அளவான மின்சாரக் கார் ஓர் அலகு மின்சாரத்தில் 6 கிலோமீற்றர் ஓடுகிறது எனவும் கொள்வோம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓட்டுபவருக்கு ஏறத்தாழ 83 லீற்றர் பெற்றோல் அல்லது 167 அலகு மின்சாரம் தேவை. கணக்கின் வசதிக்காக லீற்றரை 300 ரூபாவாகவும் அலகை 60 ரூபாவாகவும் வைத்தால், பெற்றோலுக்கு 25,000 ரூபாவும் மின்சாரத்துக்கு 10,000 ரூபாவும் செலவாகும். மாதம் 15,000 ரூபா, வருடத்துக்கு 180,000 ரூபா மிச்சம். இத்துடன் இயந்திர எண்ணெய், வடிகட்டி, ஸ்பார்க் பிளக் போன்ற செலவுகளும் இல்லை. வேகத்தைக் குறைக்கையில் மோட்டாரே தடுப்பாகவும் செயற்படுவதால் பிரேக் கட்டைகள் நீண்டகாலம் உழைக்கும். வாகனத்தின் எடை அதிகம் என்பதால் ரயர்கள் மாத்திரம் சற்று விரைவாகத் தேயும்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அறவிடப்படுகிறது. 180 அலகுகளுக்கு மேற்பட்ட பாவனைக்கே ஆகக்கூடிய விலை. மாதம் 100 அலகு பாவிக்கும் ஒரு வீட்டில் காருக்கென மேலும் 167 அலகுகள் சேர்ந்தால், அவற்றில் பெரும்பகுதி உயர்ந்த படிகளிலேயே விழும். எனவே காரின் செலவைக் கணிப்பவர் தமது பட்டியலின் சராசரி விலையைப் பார்க்காமல் கடைசிப் படியின் விலையைப் பார்க்கவேண்டும். அலகு 75 ரூபாவாக விழுந்தால் மேலே கண்ட 15,000 ரூபா மிச்சம் 12,500 ஆகிவிடும். நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாறி, இரவு 10.30 இலிருந்து அதிகாலை 5.30 வரையான நேரத்தில் மின்னேற்றுபவர்களுக்கு இது பெரும் ஆறுதல். பொது மின்னேற்று நிலையங்களையே நம்பியிருப்பவருக்கோ பெரும்பாலும் வீட்டு விலையை விடக் கூடுதலாகவே செலவாகும். வாகனம் நிறுத்தச் சொந்த இடமில்லாத வாடகைக் குடியிருப்பாளர்கள் இதை முதலிலேயே யோசிக்கவேண்டும்.

மறுபாதிக் கணக்கு, காரை வாங்கும் விலையில் இருக்கிறது. நமது நாட்டில் ஒரு காரின் விலையைப் பெருமளவில் தீர்மானிப்பது உற்பத்தியாளரல்ல, வரியே. பெற்றோல் காருக்கு இயந்திரத்தின் கொள்ளளவும் மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாற் வலுவும் உற்பத்தி வரிக்கு அடிப்படையாகின்றன. ஆகையால் இரு கார்களுக்கும் இடையிலான விலை வித்தியாசம் மாதிரிக்கு மாதிரி மாறும். விலை சமமாக இருந்தால் மின்சாரக் கார் முதல் நாளிலிருந்தே இலாபம். ஆனால் மின்சாரக் கார் 20 இலட்சம் ரூபா கூடுதலாக இருந்து, அந்த மேலதிகத் தொகை 12 வீத வட்டிக்கு லீசிங் முறையில் பெறப்படுமானால், முதலாண்டு வட்டி மாத்திரமே ஏறத்தாழ 240,000 ரூபா. எரிபொருளில் மிஞ்சியதோ 180,000 ரூபா. மாதம் 500 கிலோமீற்றர் மாத்திரம் ஓட்டும் ஓய்வூதியர் இதில் இழப்பதே அதிகம். மாதம் 2,000 கிலோமீற்றர் ஓட்டும் வாடகை வாகனச் சாரதிக்கு வருடம் 360,000 ரூபா மிஞ்சுவதால் வட்டியைக் கட்டியும் கையில் ஏதோ தேறும்.

மூன்றாவதாகப் பற்றரி. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் நிஸான் லீஃப் கார்கள் பெருமளவில் இங்கு வந்து சேர்ந்தமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். 24 கிலோவாற் மணி கொண்ட அவற்றின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. வெப்பம் மிகுந்த அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2012 ஆம் ஆண்டிலேயே இக்கார்களின் பற்றரி கொள்ளளவு வேகமாகக் குறைவதாக முறைப்பாடுகள் எழுந்தன. மன்னாரின் வெயிலும் மட்டக்களப்பின் வெயிலும் பற்றரிக்கு இரக்கம் காட்டப்போவதில்லை. இப்போது வரும் பல கார்களில் திரவக் குளிரூட்டலும், கூடுதல் தடவைகள் மின்னேற்றத்தைத் தாங்கும் இலிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரிகளும் இருப்பது நல்ல முன்னேற்றமே. எனினும் பற்றரி தேய்வது என்பது, முன்கூட்டியே மொத்தமாகச் செலுத்திவிட்ட எரிபொருள் சிறிது சிறிதாகத் தீர்வதைப் போன்றது. முதல் உரிமையாளர் அதை உணர்வதில்லை. அவரிடமிருந்து வாங்கும் இரண்டாமவரே உணர்கிறார்.

2022 ஆம் ஆண்டை மறந்துவிட்டு இக்கணக்கைப் போட முடியாது என்பார்கள். உண்மைதான். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. மின்சாரக் கார் வைத்திருந்தோர் வரிசையில் நாட்கணக்காக நிற்கவில்லை. ஆயினும் அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததையும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டொலர் இல்லாதபோது அனல் மின் நிலையத்துக்கும் எரிபொருள் இல்லை.

பயன்படுத்திய மின்சாரக் காரை வாங்குவோருக்கு, ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை விடப் பற்றரியின் எஞ்சிய கொள்ளளவே முக்கியம். அதனைப் பரிசோதனை அறிக்கையாகக் கேட்டுப் பெறுவதும், மீள்சீரமைக்கப்பட்டு இறக்குமதியான காரெனில் பற்றரி உத்தரவாதத்துக்கு இந்நாட்டில் பொறுப்பேற்பவர் யார் என்பதை எழுத்தில் வாங்குவதும் அவசியம். கைமாறும் ஒவ்வொரு மின்சாரக் காரின் உரிமை மாற்றப் பத்திரங்களுடனும் இத்தகைய அறிக்கை ஒன்று இணைக்கப்பட வேண்டுமென அரசாங்கம் விதிப்பதற்குப் புதிய சபைகளோ ஆணைக்குழுக்களோ தேவையில்லை. ஒரு படிவம் போதும்.