மக்கள்தொகை 50... ‘வர்றேன்’னு சொன்னது 20 லட்சம் பேர்!

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், லாஸ் வேகாஸுக்கு வடக்கே சுமார் 240 கி.மீ தூரத்தில் இருக்கிறது ரேச்சல். மேயர் கிடையாது, நகராட்சியும் கிடையாது! இப்படித் தனி உள்ளாட்சி இல்லாத ஊர்களை ‘அன்இன்கார்ப்பரேட்டட் கம்யூனிட்டி’ என்கிறார்கள். எல்லாத்துக்கும் லிங்கன் கவுன்டி நிர்வாகம்தான் பொறுப்பு.

1970-களில் பக்கத்து டங்ஸ்டன் சுரங்கத்தை நம்பி வளர்ந்த ஊர் இது. 1988-ல் சுரங்கம் மூடப்பட, பலரும் கிளம்பிட்டாங்க. மறுவருஷமே கதை மாறியது. தெற்கே உள்ள ‘ஏரியா 51’ ராணுவத் தளம் பக்கத்தில் வேற்றுகிரக வாகனங்கள் இருப்பதாக பாப் லசார் என்பவர் டி.வி-யில் சொல்ல, டூரிஸ்ட்டுகள் வர ஆரம்பிச்சாங்க. 1996-ல் ஊர் வழியா போற ரோட்டுக்கே ‘எக்ஸ்ட்ராடெரஸ்ட்ரியல் ஹைவே’னு பேர் வெச்சாச்சு!

2019-ல், ‘ஏரியா 51-க்குள்ள புகுந்துடுவோம்’னு ஃபேஸ்புக்ல ஒரு ஜோக். 20 லட்சம் பேர் ‘வர்றேன்’னு க்ளிக் பண்ண, ஊரே மிரண்டுடுச்சு. தண்ணி, டாய்லெட், போலீஸ், ஆம்புலன்ஸ்... யார் ஏற்பாடு பண்றது? கவுன்டி, அவசரநிலை அறிவிப்பையே தயார் பண்ணி வெச்சது. கடைசியில் வந்தது சில ஆயிரம் பேர்தான்.

நமக்கு அது ஒரு க்ளிக். ரேச்சல்காரங்களுக்கு அது வீட்டு வாசல்!