மலையில் மழை பெய்தால் குகையில் வெள்ளம்: குவா தெம்புருங் செல்லும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கடற்கரை, நீர்வீழ்ச்சி, பேரங்காடி என்று இருந்த பட்டியலில் இப்போது மலையும் குகையும் சேர்ந்துள்ளன. பெரிய செலவில்லை. காலையில் புறப்பட்டால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

அப்படிக் குடும்பங்கள் நாடிச் செல்லும் இடங்களில் ஒன்று பேரா மாநிலத்தில் கோப்பெங் அருகே உள்ள குவா தெம்புருங். கோலாலம்பூரிலிருந்து வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையில் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். ஈப்போவை நோக்கிச் செல்பவர்கள் அந்தச் சுண்ணாம்புக்கல் மலைகளை நெடுஞ்சாலையிலிருந்தே பார்த்திருப்பார்கள்.

வெளியே நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த மலையின் வயிற்றுக்குள் ஓர் ஆறு ஓடுகிறது. மலையின் ஒரு பக்கம் நுழைந்து, குகையின் வழியாகவே ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, மறுபக்கம் வெளியேறுகிறது. குகையை உருவாக்கியது அந்தத் தண்ணீர்தான். இன்று உள்ளே போகலாமா, வேண்டாமா என்று முடிவு செய்வதற்கும் அந்தத் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

கடலடியில் உருவான கல்

கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் சுமார் 40 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உருவானது. பவளமும் சிப்பியும் மற்றக் கடல் உயிர்களின் ஓடுகளும் படிந்து, இறுகிக் கல்லாயின. பின்னர் நிலம் உயர்ந்தபோது அந்தப் பாறையும் மேலே வந்தது. நாம் நன்கறிந்த பத்துமலையும் இதே வகைக் கல்தான்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. கருங்கல்லை அது எளிதில் கரைப்பதில்லை. ஆனால் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, சிறிது சிறிதாகக் கரைத்துவிடும். பல்லாயிரம் ஆண்டுகளில் வெடிப்பு வழியாகிறது, வழி குகையாகிறது. தெம்புருங் என்றால் மலாயில் தேங்காய்ச் சிரட்டை. உள்ளே உள்ள பெரிய கூடங்களின் கூரை கவிழ்த்த சிரட்டையைப் போல் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்கிறார்கள்.

கரைந்த சுண்ணாம்பு கூரையிலிருந்து சொட்டும்போது மீண்டும் கல்லாகப் படிகிறது. மேலிருந்து தொங்கும் கல்விழுதுகளும் கீழிருந்து எழும் கல்முளைகளும் அப்படி உண்டானவைதான். அவற்றில் பத்து சென்டிமீட்டர் வளர ஆயிரம் ஆண்டுகள்கூட ஆகலாம். கையில் உள்ள எண்ணெய்ப் பசை பட்டாலே அந்த இடத்தில் படிவது தடைபடும். அதனால்தான் தொடாதீர்கள் என்று வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

ஈயமும் டுரியானும்

இந்தக் குகைக்கு மனிதர்களின் கதையும் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் பெயர் பெற்ற வட்டாரம். வெளியே ஈயலம்பங்கள் இயங்கிய காலத்தில் இந்தக் குகைக்குள்ளும் ஈயம் தோண்டினார்கள். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகள் இங்கே மறைந்திருந்ததாகவும், சுவர்களில் தெரியும் சில எழுத்துகள் அவர்களுடையவை என்றும் வழிகாட்டிகள் காட்டுவதுண்டு.

குகை என்றதும் பிள்ளைகள் பயப்படுவது வௌவாலுக்குத்தான். சுண்ணாம்புக் குகைகளில் வாழும் வௌவால்களில் ஓர் இனம் பூந்தேனை உண்டு வாழ்கிறது. டுரியான் பூ இரவில் மலர்வது. தேன் தேடி வரும் இந்த வௌவால்கள்தாம் அதன் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு செல்கின்றன. பெத்தாய்க்கும் இதே உதவிதான். குகையில் கூச்சல் போட்டு வௌவாலை விரட்டினால் பக்கத்துத் தோட்டத்தில் காய்க்கும் டுரியானுக்கும் நட்டம் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

தலைக்கு மேல் வெயில், உள்ளே வெள்ளம்

குகையில் நிற்பவருக்கு வானம் தெரியாது. வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையின் மறுபக்கத்தில் கனமழை பெய்யலாம். அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரே குகை வழியாகத்தான் வெளியேற வேண்டும். திறந்த வெளியில் அகலமாகப் பரவும் வெள்ளம், குறுகிய வழியில் மேல்நோக்கி உயர்கிறது. முழங்கால் அளவு ஓடிய ஆறு கொஞ்ச நேரத்தில் நெஞ்சளவு ஆகிவிடக்கூடும்.

2018 ஜூன் 23-ஆம் தேதி தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் நடந்தது இதுதான். காற்பந்துப் பயிற்சி முடிந்து உள்ளே சென்ற 12 சிறுவர்களும் அவர்களின் பயிற்றுநரும் மழை வெள்ளத்தில் சிக்கினர். கடைசியாக இருந்தவர்கள் ஜூலை 10-ஆம் தேதிதான் வெளியே கொண்டுவரப்பட்டனர். மீட்புப் பணியின்போது முக்குளிப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். மறு ஆண்டு ஜூலையில் நம் நாட்டிலேயே, சரவாக்கின் முலு தேசியப் பூங்காவில், குகையில் ஏற்பட்ட திடீர் வெள்ளம் வெளிநாட்டுச் சுற்றுப்பயணி ஒருவரையும் அவருடைய வழிகாட்டியையும் பலி வாங்கியது. வழி தெரிந்த ஒருவர் உடனிருந்தும் தப்ப முடியவில்லை.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பருவக்காற்று மாறும் ஏப்ரல் - மே, அக்டோபர் - நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை அதிகம். ஆகவே காலையில் சீக்கிரம் உள்ளே போய் நண்பகலுக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது. முதல் நாள் இரவே மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பைப் பாருங்கள். காலையில் புறப்படுவதற்கு முன் குகை அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, திறந்திருக்கிறதா, ஆற்றில் நீர் எப்படி என்று கேளுங்கள்.

உள்ளே இருக்கும்போது சில அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். தெளிவாக ஓடிய நீர் தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறுவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, நீரின் இரைச்சல் கூடுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் படம் பிடிப்பதை நிறுத்திவிட்டு வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். வெளியே போகும் வழியில் நீர் ஏறிவிட்டால் அதைக் கடக்க முயலக்கூடாது. உயரமான இடத்தில் ஏறி, எல்லாரும் ஒன்றாகக் காத்திருப்பதே பாதுகாப்பு.

எந்தச் சுற்று யாருக்கு?

குவா தெம்புருங்கில் சுமார் 40 நிமிடத்தில் முடியும் சுற்றும் உண்டு, மூன்று மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும் சுற்றும் உண்டு. குறுகிய சுற்றில் நடைபாதையும் படிகளும் விளக்குகளும் உள்ளன. தாத்தா பாட்டிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது போதும். அடுத்ததில் படிகள் அதிகம். மூட்டு வலியோ இதய நோயோ உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். நீளமான சுற்றுகளில் ஆற்றில் இறங்கி, குனிந்தும் தவழ்ந்தும் போக வேண்டும். தண்ணீருக்குப் பயப்படும் பிள்ளையை அதற்கு வற்புறுத்தி அழைத்துச் செல்லாதீர்கள்.

சிலிப்பர் ஆகாது. விலையுயர்ந்த சப்பாத்தும் தேவையில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து ஈரப் பாறையில் நன்றாகப் பிடிக்கும், தண்ணீரும் தேங்காது. ஆளுக்கு ஒரு கைவிளக்கு வேண்டும். கைப்பேசி வெளிச்சத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாற்று உடை, குடிநீர், நெகிழிப் பையில் சுற்றிய மருந்து ஆகியவை இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு முகக்கவரி அவசியம். காய்ந்த வௌவால் எச்சத்தின் தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கக்கூடும்.

பாறைக்கு அடியில் பாய் விரிக்காதீர்கள்

குகையை விட்டு வெளியே வந்த பிறகும் கவனம் வேண்டும். தண்ணீர் அரித்த சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக உடைந்து விழக்கூடியது. 1973 அக்டோபரில், கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் அமைந்துள்ள ஈப்போ குனோங் சீரோ மலையில் பாறை சரிந்து, அடிவாரத்தில் குடியிருந்தவர்களில் சுமார் 40 பேர் மாண்டனர். நிழலாக இருக்கிறதே என்று பாறைச் சுவரை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். வளாகத்தில் அதற்கென உள்ள இடத்தில் சாப்பிடுங்கள்.

ஆற்றில் நனைந்தவர்கள் உடனே சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும். கால் கையில் காயம் இருந்தால் முதலிலேயே நீர் புகாதபடி கட்டு போடுங்கள். எலிச் சிறுநீர் நோய்க் கிருமி காயத்தின் வழியாகத்தான் எளிதில் உடலுக்குள் நுழைகிறது. போய் வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடுமையான தலைவலி, கெண்டைக்கால் வலி கண்டால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் கிளினிக்குக்குச் செல்லுங்கள். குகை ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் எந்தப் பரிசோதனை செய்வது என்பது அவருக்குத் தெரியும்.

புறப்படுவதற்கு முன் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சொல்லிவிட்டுப் போங்கள். குகைக்குள் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது. சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் 999-ஐ அழைக்க வெளியே ஒருவர் இருக்க வேண்டும். இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று, ஆறு மூடப்பட்டிருக்கும் நாளில் வழிகாட்டியோடு வாதாட வேண்டாம். விளக்குப் போட்ட குறுகிய சுற்று திறந்திருந்தால் அதைப் பார்த்துவிட்டு, ஈப்போவில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். மழை இல்லாத இன்னொரு நாளில் மீண்டும் வரலாம்.