மொபேஜ் வீதியில் ஒரு நாவலாசிரியர்

சார்செலில் ரயிலேறிப் பரிஸின் கார் து நோர் நிலையத்தில் இறங்கி லாச்சப்பலுக்குப் போவோம் அல்லவா? அந்த நிலையத்தை ஒட்டிச் செல்லும் மொபேஜ் வீதியில் ஹோசே ரிசால் பெயரில் ஒரு சதுக்கம் உண்டு. பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானியரின் கொடுமைகளை நாவலாக்கிய கண் மருத்துவர் இவர். 1889இல் இதே வீதியின் 45ஆம் இலக்கத்தில், நண்பர் வாலென்டின் வெந்துராவின் வீட்டில் தங்கியிருந்தார்.

1891இல் அவரது இரண்டாவது நாவல் ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அச்சேறியபோது, கையில் காசில்லாமல் வேலை பாதியில் நின்றது. பரிஸிலிருந்து பணம் அனுப்பி நூலைக் காப்பாற்றியவர் வெந்துராதான். எத்தனை பெரிய நட்பு! நன்றியாகத் தன் கையெழுத்துப் பிரதியையே அவருக்கு அனுப்பினார் ரிசால்.

1896 டிசம்பர் 30 அன்று ஸ்பானிய அரசு ரிசாலை மணிலாவில் சுட்டுக் கொன்றது. அவர் வெந்துராவுக்கு அனுப்பிய அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று பிலிப்பைன்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.