கடை வண்டியைக் கவனிக்கிறோமா?

தராசுக்கு முத்திரை போட வேண்டிய தேதி நமக்கு மறப்பதில்லை. சாக்கை எலி கடித்தால் அன்றைக்கே அதற்கு வழி தேடுகிறோம். ஆனால் தினமும் நம் சரக்கையும் நம் ஆளையும் சேர்த்துச் சுமக்கிற சின்ன வண்டியை, அது நடுரோட்டில் நின்ற பிறகுதான் திரும்பிப் பார்க்கிறோம்.

நம் தொழிலுக்கு இந்த வண்டி வந்த கதை மூத்த வியாபாரிகளுக்குத் தெரியும். சைக்கிள் காரியரும் தள்ளுவண்டியுமாக இருந்த காலத்தில், 1972இல் பஜாஜ் சேத்தக் வந்தது. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கினோம். குடும்பத்தோடு கோயிலுக்குப் போக அது நல்ல வண்டிதான், மூட்டைக்கு ஏற்றதல்ல. 10 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஏறத் திணறும். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். வண்டிகளுக்குச் சக்கரம் 16 அங்குலம், கியர் கிடையாது, கால் வைக்கும் இடம் திறந்து கிடக்கிறது. ஒரு சிப்பம் அரிசியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திவிடலாம். மளிகைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பமாகிறது. வண்டி இழுக்கிறது என்பதற்காக ஏற்றிக்கொண்டே போகிறோம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுபவர் எடை 65 கிலோ, 25 கிலோ சிப்பம் இரண்டு, 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று: மொத்தம் 130 கிலோ. இரண்டு ஆட்கள் ஏறிய எடை அப்போதே வந்துவிட்டது. இதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு மூட்டையும் மூன்றாவது ஆள். கையேட்டில் போட்டிருக்கும் சுமை அளவில் ஓட்டுபவரும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவரை விட்டுவிட்டுச் சரக்கை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள்.

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைவிட எங்கே ஏற்றுகிறோம் என்பது முக்கியம். பின் காரியரில் உயரமாக அடுக்கினால் முன் சக்கரம் தரையில் அழுந்தாது. ஹேண்டில் லேசாகிவிடும், முன் பிரேக் பிடித்தும் பிடிக்காது. கனமான மூட்டை கீழே, கால் வைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அதுவும் ஹேண்டில் இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்பும் அளவுக்குத்தான். பருப்புப் பையையும் முட்டை அட்டையையும் ஹேண்டிலில் தொங்கவிடும் பழக்கம் அறவே கூடாது; வளைவில் பை ஒரு பக்கம் ஆடினால் வண்டியும் அந்தப் பக்கம் போகும். மொத்த வியாபாரிகளான எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எங்கள் கடை ஆட்கள்தான் மூட்டையை எடுத்து வைக்கிறார்கள். "இன்னும் ஒண்ணு வைப்பா, போயிடும்" என்று வாடிக்கையாளர் சொன்னால், மறுநடை வரச் சொல்லி அனுப்புவதே நல்லது. அந்த ஒரு மூட்டை லாபம் எங்கும் ஓடிப்போகாது.

பராமரிப்பு விஷயத்தில், பழைய வண்டியில் பழகிய கை புதிய வண்டியைக் கெடுக்கிறது. டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுவோம். அது எரிந்து போய்விடும். எஞ்சின் ஆயில் மாற்றுவது என்ற பேச்சே பலருக்கு இல்லை. 2015இல் வந்த எக்ஸ்.எல். 100 போர் ஸ்ட்ரோக். அதில் ஆயில் எஞ்சினுக்குள்ளேயே இருந்து உழைக்கிறது, கறுக்கிறது, குறைகிறது. வாரம் ஒருமுறை அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்காமல், "வண்டிதான் ஓடுதே" என்று விட்டுவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் ஆயிலுக்குப் பார்த்து, எஞ்சின் பிரிக்கும் செலவை ஏற்கிறோம். 2020க்குப் பின் வந்த வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை இருக்கிறது. டேங்கில் உள்ள பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். ஆகவே கடைசிச் சொட்டு வரை ஓட்டுவது சிக்கனம் ஆகாது.

மண்டித் தெருவின் தூசி ஏர் பில்டரை அடைத்துவிடும். டயரில் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். சுமை வண்டியில் பிரேக் ஷூ சீக்கிரம் தேயும். நட்டைத் திருகித் திருகி ஒரு கட்டத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. செயின் தொய்வையும் பார்த்துக்கொள்க. மற்றவை மெக்கானிக் வேலை.

நமக்கு வராத வேலையை விட்டு, நமக்கு வந்த வேலையைச் செய்வோம். பேரேட்டில் வண்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பெட்ரோல் போடும்போதெல்லாம் லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதி வைப்போம். லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் குறையத் தொடங்கினால், வண்டி நிற்பதற்கு முன்பே அந்தப் பக்கம் சொல்லிவிடும். பெட்ரோல் எங்கே போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும்!

அடுத்து, வண்டியை யார் ஓட்டுகிறார் என்ற கேள்வி. 'மொபெட்தானே, பதினாறு வயது போதும்' என்று இன்னும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சலுகை 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. எக்ஸ்.எல். சூப்பரே 69.9 சி.சி.; எக்ஸ்.எல். 100 அதற்கும் மேல். 18 வயது நிறைந்து உரிமம் எடுத்தவர்தான் இவற்றை ஓட்டலாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் வண்டி உரிமையாளருக்கோ பாதுகாவலருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். கடைக்குப் பையனை வேலைக்கு வைக்கும்போது உரிமத்தை வாங்கிப் பார்க்காமல் சாவியைக் கொடுக்கக்கூடாது. பக்கத்துத் தெரு என்றாலும் ஹெல்மெட் வேண்டும்.

இன்ஷூரன்ஸ் தாளையும் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் ஓட்டி யாரையாவது இடித்தால், கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை நம்மிடம் வசூலிக்க வழியிருக்கிறது. ஒரு கடையை மூடுவதற்கு அது ஒன்றே போதும். பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, உரிமையாளர் தாமே ஓட்டும்போது அவருக்கு மட்டும்தான். கடைப் பையனுக்கு இல்லை. வண்டி பங்குதாரர் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அந்தக் காப்பே கிடையாது. நமக்காக வெயிலிலும் மழையிலும் ஓடுகிறவனுக்குத் தனியாக ஒரு காப்பு எடுத்துக் கொடுப்பது நம் பொறுப்பு.

மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு பூட்டும்போது, சாக்கும் எண்ணெய் டின்னும் அடுக்கிய குடோனுக்குள் சார்ஜ் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஆள் இருக்கும் நேரத்தில், சரக்கை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

வண்டி பழசாகி விற்கும்போது நாம் காட்டும் அலட்சியம் பெரிது. ரொக்கத்தை வாங்கிக்கொண்டு சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். பெயர் மாறாத வரை, சட்டத்தின் கண்ணில் வண்டி நம்முடையதுதான். வாங்கியவர் விபத்து செய்தாலும் நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவில் பெயர் உள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, உள் மாநில விற்பனை என்றால் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். அதற்கான சான்றை, வண்டி எழுதிய பேரேட்டுப் பக்கத்தோடு சேர்த்துத் தைத்து வைத்துக்கொள்க.