வீட்டிலிருந்தே இணைய வேலை: எது நிஜம், எது வலை?

பொங்கல் விழாவானாலும் நவராத்திரி கொலுவானாலும் என்னைப் பார்த்ததும் யாராவது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாமா, வீட்டிலேயே கம்ப்யூட்டர்ல செய்யற மாதிரி ஏதாவது வேலை இருக்கா? ஏமாத்து வேலையா இருக்கக் கூடாது." கணவருக்கு மாற்றலாகி மும்பை வந்து, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்ட பெண்கள்தான் அதிகம் கேட்பார்கள். பாங்க்கிலிருந்து ஓய்வு பெற்றபின் இணையம் வழியே மொழிபெயர்ப்பு செய்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் வலை. 'டேட்டா என்ட்ரி, வீட்டிலிருந்தே கை நிறைய சம்பளம்' என்று ஒரு செய்தி வரும். ஆதார், பான் நகல் வாங்கிக்கொண்டு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்குவார்கள். சில நாட்களில் நூற்றுக்கணக்கான படிவங்களை நிரப்பச் சொல்வார்கள். எப்படிச் செய்தாலும் 'பிழை அதிகம்' என்றுதான் முடிவு வரும். அப்புறம் வக்கீல் என்று ஒருவர் போன் செய்து, நஷ்ட ஈடு கட்டாவிட்டால் கேஸ் என்று மிரட்டுவார். எங்கள் கட்டிடத்தில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இது நடந்தது. பாவம், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. தட்டச்சில் பிழை விட்டதற்காக யாரையும் ஜெயிலில் போட நம் நாட்டில் சட்டம் கிடையாது. அப்பாவிடம் சொல்லி, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்பதும் இதே ஜாதிதான். முதலில் நூறு, இருநூறு நிஜமாகவே வரும். பிறகு 'முன்பணம் கட்டினால் பெரிய டாஸ்க்' என்பார்கள். உங்கள் பாங்க் கணக்கில் பணம் வாங்கி வேறொருவருக்கு அனுப்பினால் கமிஷன் என்று யாராவது சொன்னால், பதில்கூடப் போடாதீர்கள். அது திருட்டுப் பணமாக இருக்கும். முடக்கப்படுவது உங்கள் கணக்கு, போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு.

இனி நிஜம். எலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு தளங்கள் இணைந்து 2015-ல் அப்வொர்க் என்று பெயர் மாறின. ஃபைவர் 2010-ல் வந்தது. இவை வேலை தருகிறவரையும் செய்கிறவரையும் சேர்த்துவைக்கும் சந்தைகள். அப்வொர்க்கில் விண்ணப்பம் போட 'கனெக்ட்' என்ற டோக்கன் வேண்டும். தளம் அதற்குச் சிறு காசு வாங்கும். ஃபைவர் நம் வருமானத்தில் 20 சதவிகிதம் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் கடை வாடகை மாதிரி. ஆனால் வேலை தருகிறவரே நம்மிடம் பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று கேட்டால் அது வேலையே அல்ல.

இந்தச் சந்தைகளின் பெரிய சௌகரியம், பணம் நடுவில் நிற்பது. மொத்தத் தொகை பேசிய வேலையில் வாடிக்கையாளர் அந்தப் பணத்தை முன்கூட்டியே தளத்திடம் கட்டிவிடுவார். நாம் முடித்து அனுப்பி 14 நாள் அவர் பதில் சொல்லாவிட்டாலும் அப்வொர்க் பணத்தை விடுவித்துவிடும். பணம் கட்டியாயிற்றா என்று பார்க்காமல் ஒரு வரிகூடத் தொடங்காதீர்கள். 'வாட்ஸப்பில் பேசிக்கலாம், நேரே அனுப்பறேன்' என்று வெளியே கூப்பிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மாதிரி கேட்டால் 200, 250 வார்த்தை செய்து தரலாம். ஓர் அத்தியாயத்தையே 'மாதிரி'யாகக் கேட்கிறவர் ஓசியில் புத்தகம் முடிக்கப் பார்க்கிறார்!

எதை விற்பது? தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பு முடித்து இங்கே வந்தவர்களுக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த தமிழும், சந்தையில் பழகிய இந்தியும், ஆங்கிலமும் கையில் இருக்கின்றன. இந்த மூன்றும் சேர்வது சாதாரணமில்லை. வெறும் மொழிபெயர்ப்புக்கு, இயந்திரம் வந்தபின் கூலி குறைந்துவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் 'புக் நவ்' என்பதை 'இப்போது புத்தகம்' என்று அது எழுதிவைத்தால், திருத்த ஆள் வேண்டுமே! சப்டைட்டில், பேட்டி ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது போன்றவையும் உண்டு. 'எல்லா வேலையும் செய்வேன்' என்று எழுதாமல், 'தமிழ் சப்டைட்டில் திருத்துவேன்' என்று ஒன்றை மட்டும் எழுதி, நீங்களே செய்த இரண்டு மாதிரிகளை இணையுங்கள். முதல் வேலை கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம்; சிலருக்கு மாதங்களும் ஆகும். வீட்டுச் செலவுக்கு அதை நம்பி உட்காராதீர்கள்.

பணம் டாலரில் வந்தாலும் வருமான வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும். தளம் தரும் மாதாந்திர அறிக்கையையும், வெளிநாட்டுப் பணம் வந்ததற்கு பாங்க் தரும் சான்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஜூலை மாதம் ஆடிட்டர் கேட்பார்.